முற்றிய நோயாளியை வீட்டில் பராமரிப்பது: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"இனி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, வீட்டில் என்ன செய்ய வேண்டும், நடு இரவில் வலி வந்தால் யாரை அழைக்க வேண்டும், எந்த மாத்திரை எங்கே கிடைக்கும் என்பதை யாரும் எழுதித் தருவதில்லை. என் தாயாருக்குப் புற்றுநோய் முற்றிய காலத்தில் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே அலைந்து, ஒவ்வொரு வாசலிலும் துண்டு துண்டாகக் கேட்டறிந்தவற்றை, அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்று இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். மருந்தின் அளவைத் தீர்மானிப்பது உங்கள் மருத்துவரின் வேலை. அவரிடம் என்ன கேட்பது, எப்போது கேட்பது என்பதற்கு மட்டுமே இந்தக் கட்டுரை உதவும்.

அரசு மருத்துவமனைகளில், நோயின் வலியையும் தொல்லைகளையும் தணிக்கும் பிரிவின் பலகையில் 'வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சை' என்று எழுதியிருப்பார்கள். ஊழியர்கள் பேச்சில் 'பாலியேட்டிவ்' என்பார்கள். இரண்டும் ஒன்றே. ஹாஸ்பிஸ் என்பது அதன் கடைசிப் பகுதி: நோயை எதிர்க்கும் சிகிச்சையை நிறுத்திய பிறகு, எஞ்சிய நாட்களை வலியில்லாமல் கழிக்க வீட்டிலோ தனி இல்லத்திலோ தரும் பராமரிப்பு.

1. மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்

பாலியேட்டிவ் பிரிவுக்குப் போவதென்றால் எல்லாச் சிகிச்சையையும் கைவிட்டுவிட்டுப் போவது என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. கீமோவோ கதிர்வீச்சோ டயாலிசிஸோ நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பிரிவுக்கும் போகலாம், போக வேண்டும். 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளில் தொடக்கத்திலேயே ஆதரவு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதற்கு மேல் வாழ்ந்த காலம்) 11.6 மாதமாகவும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.9 மாதமாகவும் இருந்தது. வாழ்க்கைத் தரம் மேம்பட்டு, மனமும் தேறியிருந்தவர்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள் என்பதை, 'அங்கே கொண்டுபோனால் சீக்கிரம் போய்விடுவார்' என்று பயமுறுத்தும் உறவினருக்குச் சொல்லலாம்.

இது புற்றுநோய்க்கு மட்டும் உரியதும் இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்கள், மூச்சுத்திணறலோடு வாழும் நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள், இதயம் பலவீனப்பட்டவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், மறதி நோய் முற்றியவர்கள் எல்லோரும் இதற்குள் வருவார்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர், "ஆறு மாதத்துக்கு மேல் இருக்க மாட்டார் என்று இரண்டு டாக்டர் எழுதித் தந்தால்தான் ஹாஸ்பிஸ் கிடைக்கும்" என்று தொலைபேசியில் சொன்னால் குழம்ப வேண்டாம். அது அந்நாட்டு மெடிகேர் காப்பீட்டின் விதி, இங்கே அப்படி எந்த நிபந்தனையும் கிடையாது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இப்போது தரும் சிகிச்சையின் நோக்கம் குணமாக்குவதா, நோயைத் தள்ளிப்போடுவதா, வேதனையைக் குறைப்பதா? வரும் வாரங்களில் என்னென்ன தொல்லைகள் வரக்கூடும்? பாலியேட்டிவ் பிரிவுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தருவீர்களா? மூன்றாவதைக் கேட்காமல் அறையைவிட்டு வெளியே வராதீர்கள்.

2. ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

உறைகள் கொண்ட பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை வாங்கி, நோயாளி எங்கே போனாலும் அது கூடவே போகும்படி வையுங்கள். அதில் திசுப் பரிசோதனை அறிக்கை, கடைசியாகப் பெற்ற டிஸ்சார்ஜ் சுருக்கம், அண்மைய ஸ்கேன் அறிக்கை, இரத்தப் பரிசோதனை முடிவுகள் (குறிப்பாகச் சிறுநீரகம், கல்லீரல்), நோயாளியின் ஆதார், பராமரிப்பவரின் ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, சில பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஆகியவை இருக்க வேண்டும். ஸ்கேன் படச் சுருள்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. பாலியேட்டிவ் மருத்துவருக்கு எழுத்து அறிக்கையே பெரும்பாலும் போதும். எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, வெளிநாட்டில் இருப்பவர் உட்பட இரண்டு உறவினர்களுக்கு அனுப்பிவையுங்கள்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் நோயின் பெயர், அது எந்த நிலையில் இருக்கிறது, இனி அறிகுறி நிவாரணமே நோக்கம் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். எங்களுக்குச் சிகிச்சை தந்த ஒரு தனியார் மருத்துவமனையில் 'உறவினர் விருப்பத்தின் பேரில் அனுப்பப்படுகிறார்' என்ற ஒற்றை வரியோடு தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அடுத்த இடத்தில் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதாயிற்று. 'மருத்துவ ஆலோசனைக்கு மாறாக' என்ற படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் அவசரப்படாதீர்கள். வீட்டில் தொடர வேண்டிய மருந்துகள் குறிக்கப்பட்ட முறையான டிஸ்சார்ஜ் வேண்டும் என்று மரியாதையாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள்.

கோப்போடு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகமும் வேண்டும். தேதி, நேரம், கொடுத்த மாத்திரை, சுழியத்திலிருந்து பத்துக்குள் நோயாளி சொல்லும் வலியின் அளவு, மலம் போனதா, தூங்கினாரா என்று நாளுக்கு நாலு வரி எழுதுங்கள். மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் இதை வைத்துத்தான்.

3. எங்கே போவது

முதலில் உங்கள் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொண்டுவருவது என்றே பலரும் நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே தருவது அதே திட்டத்தின் பகுதி. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இதற்கென்று ஒரு செவிலியர் இருக்கிறார். சேவைக்குக் கட்டணம் கிடையாது. மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் சொன்னாலே பெயரைப் பதிந்துகொள்வார். இல்லையேல் கோப்போடு நேரே போய்ப் பதியுங்கள்.

இங்கே வட்டம் (தாலுகா) வேறு, வட்டாரம் (ஊராட்சி ஒன்றியம்) வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் வீடு கல்குளம் வட்டத்தில் இருந்தால் அது தக்கலை வட்டாரமாகவும் இருக்கலாம், குருந்தன்கோடு வட்டாரமாகவும் இருக்கலாம். அகஸ்தீஸ்வரம், ராஜாக்கமங்கலம், தோவாளை, குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டாறு, கிள்ளியூர், முன்சிறை, மேல்புறம் என்ற ஒன்பதில் எது உங்களுடையது என்று தெரிந்துகொண்டு போனால் ஒரு நாள் மிச்சம். நாகர்கோவில் மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேட்க வேண்டும். செவிலியரிடம் அவர் உங்கள் பக்கம் வரும் கிழமை எது, நடுவில் புண்ணோ சிறுநீர்க் குழாயோ தொல்லை தந்தால் எந்த எண்ணில் அழைக்கலாம் என்று கேட்டு, சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாவது, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புறநோயாளிச் சீட்டு எடுக்கும்போதே வலி நிவாரணப் பிரிவு எந்தக் கிழமை, எந்த அறை என்று கேளுங்கள். நோயாளியை வண்டியில் ஏற்றும் முன் உறவினர் ஒருவர் கோப்போடு தனியாகப் போய் விசாரித்து வருவது நல்லது. எலும்பு வரை நோய் பரவியவரை நம் சாலைகளில் வீணாக ஒரு முறை குலுக்கி எடுத்துக்கொண்டு போவது கொடுமை. மேற்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு நெய்யூரில் உள்ள சி.எஸ்.ஐ. மருத்துவமனையின் புற்றுநோய் மையம் பக்கம்.

மூன்றாவது, திருவனந்தபுரம். நம் மாவட்டத்துப் புற்றுநோயாளிகளில் நிறையப் பேர் அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தில், அதாவது எல்லோரும் ஆர்.சி.சி. என்று சொல்லும் இடத்தில், சிகிச்சை பெறுகிறவர்கள். டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003-இல் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பும் அதே நகரில்தான் இயங்குகிறது.

குமரிக் குடும்பங்கள் பெரிதும் மாட்டிக்கொள்ளும் இடம் இந்த எல்லைதான். சிகிச்சை அங்கே நடந்ததால் இங்குள்ள அரசு மருத்துவமனையில் நோயாளியின் பெயரே பதிவில் இருக்காது. வீடு இங்கே இருப்பதால், கேரளத்து ஊராட்சிகள் நடத்தும் வீட்டுச் சேவை எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இப்பால் வராது. சிகிச்சை நடக்கும்வரை இது உறைக்காது. கீமோவை நிறுத்திய வாரத்தில்தான் இரண்டு பக்கமும் ஆள் இல்லை என்று தெரியும். ஆகவே ஆர்.சி.சி.யில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குமரி மாவட்டத்திலும் பதிந்துவிடுங்கள். "வீடு தமிழ்நாட்டில் இருக்கிறது, மாதந்தோறும் எழுபது கிலோமீட்டர் வர முடியாது, அருகில் உள்ள மையத்துக்கு மருந்து விவரத்தோடு கடிதம் தாருங்கள்" என்று அங்குள்ள மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்டால் தருவார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை நம்பி எல்லை கடப்பவர்கள், எந்தச் சிகிச்சைக்கு அங்கே அது செல்லும் என்று நம் மாவட்டக் காப்பீட்டு அலுவலகத்தில் உறுதி செய்த பிறகே புறப்பட வேண்டும்.

தனி இல்லங்களில் சேர்ப்பதென்றால், போகும் முன் நான்கு விஷயங்களை விசாரியுங்கள்: கடும் வலிக்கான மார்பின் மருந்தைக் கொடுக்கும் அனுமதி இருக்கிறதா, மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், வீட்டார் ஒருவர் இரவில் தங்கலாமா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா. முதல் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

4. மார்பின்: வாங்குவதும் கொடுப்பதும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், ஏனெனில் வீட்டில் நோயாளி படும் வேதனையில் பெரும்பங்கு இந்த மாத்திரையைப் பற்றிய பயத்தால் வருவது.

மார்பின் மாத்திரை சாதாரண மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்காது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தத்துக்கும் அதைத் தொடர்ந்து 2015-இல் வந்த விதிகளுக்கும் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வாங்கி வைத்து, பயிற்சி பெற்ற மருத்துவரின் சீட்டின்பேரில் நோயாளிகளுக்குத் தரலாம். எனவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "மார்பின் வைத்திருக்கும் அங்கீகாரம் இங்கே இருக்கிறதா?" என்பது. விலை மிகக் குறைவு. மாத்திரை ஒன்றுக்குச் சில ரூபாய்தான். முதல் முறைக்குப் பிறகு நோயாளி நேரில் வர வேண்டுமா, நோயாளி அட்டையோடும் ஆதாரோடும் பராமரிப்பவர் வந்து வாங்கலாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை தீரும் நாளை விடுமுறைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓணத்துக்குத் திருவனந்தபுரத்தில் தொடர் விடுமுறை. இங்கே கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கும் சிவராத்திரிக்கும் உள்ளூர் விடுமுறை. ஒரு வாரத்துக்கான கையிருப்பு இருக்கும்போதே அடுத்ததை வாங்கப் போவது பாதுகாப்பு. எல்லை தாண்டிக் கொண்டுவரும்போது மாத்திரையை அதன் அட்டையிலிருந்து பிரித்துப் பொட்டலமாகக் கட்டாமல், மருத்துவர் சீட்டோடு சேர்த்தே வையுங்கள்.

உடனடியாகச் செயல்படும் மார்பின் மாத்திரையின் பலன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். அதனால் காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று நேரம் குறித்து, இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டிப்பாக எழுதுவது வழக்கம். நள்ளிரவு 2 மணிக்கு நோயாளியை எழுப்பாமல் தூங்கவிடுவதற்காக. உங்கள் சீட்டில் எப்படி இருக்கிறதோ அதைக் கைப்பேசியில் அலாரமாக வைத்துவிடுங்கள். வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருப்பதுதான் வீடுகளில் நடக்கும் முதல் தவறு. அடுத்த வேளைக்கு நேரம் இருக்கும்போதே இடையில் வலி கிளம்பினால் எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

மார்பின் தொடங்கினால் மலச்சிக்கல் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும்; மற்ற பக்க விளைவுகள்போல இது பழகிப் போகாது. மலமிளக்கி மருந்தை அதே நாளிலிருந்து தர வேண்டும். சீட்டில் அது இல்லையென்றால், மறந்துவிட்டார்கள் என்று பொருள், திரும்பிப் போய்க் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் முதல் வாரம் குமட்டலும் இருக்கலாம். அவை பெரும்பாலும் தணிந்துவிடும். கலக்கம் கூடிக்கொண்டே போனாலோ, மூச்சு மிகவும் குறைந்தாலோ, உடல் வெட்டி வெட்டி இழுத்தாலோ உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் மார்பின் தேங்கும் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை (இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இருக்கும்) மருத்துவரிடம் மறக்காமல் காட்டுங்கள்.

அடிமையாகிவிடுவார் என்று அச்சப்படுபவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கும் நோயாளிகளிடம் அப்படி ஆவது அரிது. நாட்கணக்கில் எடுத்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடல் தொல்லை தரும். அது போதைப் பழக்கத்தின் அடையாளம் ஆகாது. வலி குறைந்துவிட்டால்கூட, மருத்துவர் படிப்படியாகக் குறைக்கச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். இந்தப் பயத்தினால் மார்பினை ஒதுக்கிவிட்டு, தெருமுனைக் கிளினிக்கில் தினம் ஒரு வலி ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுத்துவிடும்.

விழுங்க முடியாமல் போனால், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையைப் பரிந்துரைக்கலாம். ஒன்று மூன்று நாளுக்கு வரும்; விலை மார்பினைவிட மிக அதிகம். அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது; சூட்டில் மருந்து வேகமாக உடலுக்குள் இறங்கி ஆபத்தாகிவிடும்.

5. வீட்டைத் தயார் செய்யுங்கள்

படுக்கையை உள்ளறையில் ஒதுக்காமல், காற்றோட்டமும் கழிப்பறையும் பக்கத்தில் இருக்கும் அறையில் போடுங்கள். முதுகு உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில், காற்று மெத்தை, கமோடு நாற்காலி, சக்கர நாற்காலி ஆகியவற்றை விலைக்கு வாங்கும் முன் உங்கள் பங்கு ஆலயத்திலும் ஜமாஅத்திலும் கோயில் கமிட்டியிலும் ஊர் இளைஞர் மன்றத்திலும் இரவலுக்குக் கேட்டுப் பாருங்கள். இன்னொரு வீட்டில் பயன்படுத்தி முடித்தவை அங்கே சும்மா கிடக்கலாம்.

காற்று மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில், அதுவும் ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும், விரிப்பு காயவே காயாது. ஈரத்தில் கிடக்கும் தோல் எளிதில் உரியும். இடுப்பு எலும்பும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா என்று குளிப்பாட்டும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அன்றே செவிலியரிடம் சொல்லுங்கள். அந்த இடத்தைத் தேய்க்கவோ நல்லெண்ணெய் போட்டு நீவவோ வேண்டாம். நாற்றமடிக்கும் புற்றுப் புண்ணுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவும் முறை உண்டு. செவிலியர் ஒருமுறை செய்து காட்டினால் நீங்களே கற்றுக்கொள்ளலாம். நாற்றம் குறைந்தால் விலகி நின்ற பேரப்பிள்ளைகள் கட்டிலருகே வருவார்கள். இந்த ஒன்றுக்காகவே அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் வீட்டில் சண்டை வரும். பார்க்க வருபவர்கள் எல்லோரும் "ஒரு வாய் கஞ்சியாவது கொடுங்க, ஏத்தன்பழம் அவிச்சு மசிச்சுக் கொடுங்க" என்பார்கள். நோய் முற்றிய உடல் உணவை ஏற்கும் திறனை இழந்து வருகிறது. நோயாளி சாப்பிடாததால் நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால் சாப்பிட முடியவில்லை. படுத்த நிலையில் வற்புறுத்தி ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். கேட்டதைக் கேட்ட நேரத்தில், நிமிர்த்தி உட்கார வைத்து, நாலு ஸ்பூன் கொடுங்கள். வாயை மட்டும் அடிக்கடி ஈரத்துணியால் துடைத்து உதட்டில் வாசலின் தடவுங்கள். தாகம் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் வாய் வறட்சிதான்.

மூச்சுத்திணறலுக்கு, முகத்தின்மேல் நேராகக் காற்று படும்படி ஒரு மேசை விசிறி வைப்பது நிஜமாகவே உதவும். ஆக்சிஜன் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கும் முன் அது தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேவையென்றால், மின்தடை நேரத்துக்கு இன்வெர்ட்டரோ ஒரு சிலிண்டரோ கைவசம் இருக்க வேண்டும்.

6. செலவு

அரசு வழியில் வரும் மருத்துவரும் செவிலியரும் மருந்தும் இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து, அதையும் குடும்ப அட்டையையும் ஆதாரையும் கொண்டு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். நோய் தெரிந்த வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள். ஆனால் அந்தக் காப்பீடு மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. வீட்டில் பணம் கரைவது டயபர், கையுறை, மெத்தை, வாடகை வண்டி, ஹோம் நர்ஸ் சம்பளம் ஆகியவற்றில்.

ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிகளிடம் மாதச் சம்பளத்தை மட்டும் கேட்டால் போதாது. பதிவுக் கட்டணம், முன்பணம், விடுமுறை நாளுக்கு மாற்று ஆள், நோயாளி நடுவில் இறந்துவிட்டால் மீதி நாட்களின் பணம் என்னாகும் என்பது வரை எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்க நாக்கு எழாது; ஆனாலும் கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் தெம்பு இருக்கும்போதே வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் வங்கி வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் அறிவுறுத்தியிருக்கிறது. கிளை மேலாளரிடம் கடிதம் கொடுத்துக் கேளுங்கள்.

7. பேச வேண்டியதைப் பேசி, எழுதியும் வையுங்கள்

"டாக்டரே, அம்மைட்ட மட்டும் சொல்லாண்டாம்" என்பது நம் மருத்துவமனைகளில் நாள்தோறும் கேட்கும் வாசகம். அன்பினால் சொல்வதுதான். ஆனால் நோயாளிக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கிறது. வீட்டார் மறைப்பதால் அவரும் தெரியாததுபோல் இருந்து, சொத்தைப் பற்றியோ பிள்ளையின் கல்யாணத்தைப் பற்றியோ பூசலில் இருக்கும் தம்பியைப் பற்றியோ சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே போய்விடுகிறார். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு உடைக்கத் தேவையில்லை. "உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டு, அவர் கேட்கும் அளவுக்குப் பதில் சொன்னால் போதும். பாலியேட்டிவ் பிரிவில் இருப்பவர்கள் இதில் பழக்கப்பட்டவர்கள். அவர்களை உடன் வைத்துக்கொண்டு பேசலாம்.

கடைசிக் கட்டத்தில் வென்டிலேட்டரில் வைக்க வேண்டாம் என்று நோயாளி விரும்பினால் அதை முன்கூட்டியே எழுதி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தந்த தீர்ப்பும், 2023 ஜனவரியில் அதை எளிமைப்படுத்திய உத்தரவும் இதற்கு அடிப்படை. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவர், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற வேண்டும். தம்மால் முடிவெடுக்க இயலாத நிலையில் யார் பேச வேண்டும் என்று அதில் பெயர் குறிப்பிட வேண்டும். நகல் ஒன்று குடும்ப மருத்துவரிடம், ஒன்று கோப்பில். மருந்து கொடுத்து உயிரைப் போக்கும் கருணைக்கொலை இதுவல்ல என்பதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும், தேவைப்பட்டால் பங்குத் தந்தைக்கும், முன்னதாகவே விளக்கிவிடுங்கள்.

8. கடைசி நாட்கள்

உணவும் நீரும் இறங்காது, பெரும்பொழுது தூக்கம், சிறுநீர் குறையும், கைகால் குளிரும், மூச்சு சிறிது நேரம் நின்று மீண்டும் தொடங்கும், தொண்டையில் சளி புரளும் ஓசை கேட்கும். இவற்றை முன்பே தெரிந்து வைத்திருந்தால் பதற்றம் பாதியாகும். சளி ஓசைக்கு நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நோயாளியைவிட அது நமக்குத்தான் வேதனை. ஓசையைக் குறைக்கும் மருந்தும், விழுங்க முடியாதபோது வலிக்கும் கலக்கத்துக்கும் தர வேண்டிய மருந்தும் வீட்டில் முன்கூட்டியே இருக்கும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

இந்த நேரத்தில் யாராவது ஒருவர் 108-ஐ அழைப்பார். உயிரைக் காப்பாற்ற முயல்வதுதான் வண்டியில் வருபவர்களின் கடமை. அங்கிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவு வரை பாதை தானாகவே போய்விடும். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது நோயாளியின் விருப்பமாக இருந்தால், யாரை முதலில் அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் ஒருமித்துத் தீர்மானித்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் தாய்மாமனுக்கும் ஆழ்கடல் மீன்பிடிப்பு முடிந்து கரைக்கு வரும் மகனுக்கும் அந்தத் தீர்மானம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம். பராமரிக்கும் நீங்களே மனம் நொறுங்கினால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

9. இறப்புக்குப் பிறகு

எதிர்பார்த்த, இயற்கையான இறப்புக்குக் காவல் நிலையம் போக வேண்டியதில்லை. ஆனால் நோயாளியைக் கவனித்து வந்த ஒரு மருத்துவர் இறப்புக் காரணச் சான்று தர வேண்டும். வீட்டில் நிகழும் இறப்புக்கு இது 4ஏ படிவம். சட்டப்படி இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நோயாளியைப் பார்த்தே இராத மருத்துவர் அதில் கையெழுத்திடத் தயங்குவது நியாயமே, அதனால்தான் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு மருத்துவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, "அந்த நேரம் வந்தால் சான்று தருவீர்களா?" என்று கேட்டு வைக்க வேண்டும். செவிலியரால் இதைத் தர முடியாது.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. கிராம ஊராட்சியில் கிராம நிர்வாக அலுவலரிடமும், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் அந்தந்த அலுவலகத்திலும் பதிய வேண்டும். நாள் கடந்தால் தாமதக் கட்டணம். ஓர் ஆண்டைக் கடந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம் வரை நடக்க வேண்டியிருக்கும். இறப்பு எந்த ஊரில் நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு என்பதால், திருவனந்தபுரத்து மருத்துவமனையில் இறந்தவருக்கு அங்குள்ள மாநகராட்சியில்தான் சான்று கிடைக்கும். அங்கிருந்து புறப்படும் முன் அதற்கான தாள்களை வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர 155377 எண்ணில் இலவச அமரர் ஊர்தியைக் கேட்கலாம். பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கின்றனவா என்று கையெழுத்திடும் முன் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றிலும் வங்கியிலும் மாதக்கணக்கில் இழுக்கும். சான்று வந்ததும் பல பிரதிகள் எடுத்து வையுங்கள்.

மீந்த மார்பின் மாத்திரைகளை எண்ணி, அட்டையோடு, வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் பெறுங்கள். காற்று மெத்தையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்துக் காயவைத்து, இரவல் வாங்கிய இடத்தில் சேர்த்துவிடுங்கள். அதற்காக இன்னொரு வீட்டில் காத்திருப்பார்கள்.